பழுத்த இலையின் கடைசிப் பணி

சென்ற மாதக் கூட்டம் முடிந்து அன்பர்கள் காப்பி அருந்திக் கொண்டிருந்த வேளையில், உறுப்பினர் குடும்பத்துச் சகோதரி ஒருவர் இப்பகுதிக்கென ஒரு வினாவை எழுதிக் கொடுத்தார். அவர் மாடியில் தொட்டி வைத்துக் கத்தரியும் வெண்டையும் வளர்த்து வருகிறார். செடிகளின் அடியிலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மஞ்சளாகின்றன. கல்லூரியில் படிக்கும் மகன், "பழுத்த இலை இனி உழைக்காது, செடியின் சத்தைத்தான் உறிஞ்சிக் கொண்டிருக்கும், கிள்ளி எறிந்துவிட வேண்டும்" என்கிறான். தஞ்சை மாவட்டத்துக் கிராமத்திலிருந்து வந்து தங்கியிருக்கும் மாமியாரோ, "தானாக விழும் வரையில் அதில் கை வைக்காதே" என்று தடுக்கிறார். காரணம் கேட்டால், "எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அப்படித்தான் சொன்னார்கள்" என்பதற்கு மேல் அவரால் சொல்ல இயலவில்லை. "இருவரில் யார் சொல்வது சரி? நடுவில் அகப்பட்டுக் கொண்டு விழிக்கிறேன்" என்று முடித்திருந்தார் அச்சகோதரி.

வினா சிறியதுதான். ஆயினும் அதற்கு விடை தேடிப் புகுந்தால், நாம் அன்றாடம் உண்ணும் சோறும் சப்பாத்தியும் எங்கிருந்து வருகின்றன என்ற பெரிய செய்தியில் போய் நிற்கிறோம். ஆகவே இம்மாதம் இப்பகுதி முழுவதையும் பழுத்த இலைக்கே ஒதுக்கிவிட்டேன்.

இலையின் பருவங்களுக்கு நம் முன்னோர் தனித்தனிப் பெயர் இட்டிருக்கின்றனர். கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்பன அவை. இவற்றுள் பழுப்பு என்னும் சொல்லைச் சற்றே நின்று நோக்க வேண்டும். காய் பழுக்கிறது என்கிறோம். இலையும் பழுக்கிறது என்கிறோம். காய் கெட்டுப் போனால் அழுகிவிட்டது என்போமேயன்றிப் பழுத்துவிட்டது என்று சொல்வதில்லை. முதிர்ந்து நிறைவடைவதற்கே பழுத்தல் என்று பெயர். இலை மஞ்சளாவதற்கும் அதே சொல்லை வழங்கிய நம் முன்னோர் எதை எண்ணி வழங்கினார்களோ, நாம் அறியோம். ஆனால் இன்றைய விஞ்ஞானம் அச்சொல்லுக்கு முழுப் பொருத்தம் காட்டுகிறது.

வடநாட்டில் வாழும் நமக்கு இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. மாசி மாதத்தில் அம்பாலாவிலிருந்து டில்லிக்கு ரயிலில் செல்வோர், கர்னால், பானிப்பட்டு வழியெங்கும் இருமருங்கிலும் கரும்பச்சையாய் விரிந்த கோதுமை வயல்களைக் காண்பர். பங்குனி பிற்பாதியில் அதே வழியில் சென்றால் வயல் முழுதும் பொன்னிறமாகியிருக்கும். சித்திரை பிறக்கையில் பைசாகிப் பண்டிகையோடு அறுவடை நடக்கும். இந்த ஐந்தாறு வாரங்களில் அந்தப் பச்சை எங்கே போயிற்று? வெயிலில் காய்ந்து போயிற்று என்றுதான் நானும் பல ஆண்டுகள் எண்ணியிருந்தேன். உண்மை அதுவன்று. இலையில் இருந்த செல்வத்தின் பெரும்பகுதி கதிருக்குள் சென்று மணியாயிற்று.

அது எவ்வாறு என்று பார்ப்போம். இலை என்பது கோடிக்கணக்கான உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவிலும் பசுங்கணிகம் எனப்படும் நுண்ணிய பச்சை உருண்டைகள் பல உண்டு. சூரிய ஒளியைப் பிடித்துக் காற்றிலுள்ள கரிவாயுவைச் சர்க்கரையாக்கும் பட்டறைகள் இவையே. இலையிலுள்ள நைட்ரஜனில், அதாவது தழைச்சத்தில், ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு இந்தப் பட்டறைகளுக்குள்தான் இருக்கிறது. அவற்றுள்ளும் ரூபிஸ்கோ என்னும் ஒரே புரதம் தலைமையான இடத்தைப் பெறுகிறது. கரிவாயுவைப் பற்றிக் கொள்ளும் வேலை அதனுடையது. கோதுமை, நெல் ஆகியவற்றின் இலையில், நீரில் கரையும் புரதத்தில் ஏறத்தாழப் பாதி இந்த ஒன்றேயாகும். இலை இளமையாய் இருக்கும் வரையில் ரூபிஸ்கோ ஓர் உழைப்பாளி. மூப்பு வந்ததும் அதுவே சேமிப்பாக மாறிவிடுகிறது.

கோதுமைப் பயிர் தனக்கு வேண்டிய தழைச்சத்தில் பெரும்பகுதியைப் பூக்கும் காலத்திற்கு முன்னரே வேர் வழியாக எடுத்துக் கொண்டு விடுகிறது. மணி பால் பிடிக்கும் நாளில் மண்ணும் வறண்டு, வேரும் தளர்ந்துவிடும். அப்பொழுது மணிக்கு வேண்டிய புரதத்திற்குக் கச்சாப் பொருள் எங்கிருந்து வரும்? இலைகளிடமிருந்துதான் வர வேண்டும். கோதுமை மணியிலும் நெல் மணியிலும் சேரும் நைட்ரஜனில் பெரும்பங்கு முன்னர் இலையிலும் தண்டிலும் இருந்து, பின்னர் இடம் மாறி வந்ததே ஆகும்.

இந்த இடமாற்றம் நடைபெறும் ஒழுங்கு என் போன்ற ரயில்வே ஊழியர்க்கு நன்கு விளங்கக் கூடியது. பாதை மூடப்படும்போது ஒரு சிறு நிலையத்தை எப்படிக் கலைப்பார்கள்? முதல் நாளே விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட மாட்டார்கள். பெரிய சாமான்களை முதலில் கழற்றிக் கணக்கெழுதி அனுப்புவார்கள். மேசை, பெட்டி, தராசு எல்லாம் போன பிறகும் விளக்கும் தொலைபேசியும் இருக்கும். நிலைய அதிகாரியும் இருப்பார். கடைசிச் சாமான் வண்டியேறிய பிறகே அவரும் கதவைப் பூட்டிக் கொண்டு புறப்படுவார். இலையும் இவ்வாறே செய்கிறது. முதலில் கலைக்கப்படுவது பசுங்கணிகம். வேலைக்கு வேண்டிய ஆற்றலைத் தரும் மைட்டோகாண்டிரியா என்னும் உறுப்புகள் பிந்திய நாள் வரையில் நீடிக்கும். ஆணையிடும் உட்கரு ஏறக்குறைய இறுதி வரை தன் இடத்தில் இருக்கும். சத்தைச் சுமந்து செல்லும் நரம்புகள் கடைசியாகவே மஞ்சளாகும். கத்தரியிலையை உற்று நோக்கினால் இதைக் கண்ணாலேயே காணலாம். கோதுமையிலும் நெல்லிலும் இலை அடியிலிருந்து வளர்வதால் நுனியே மூத்த பகுதி. ஆகவே மஞ்சள் நுனியில் தொடங்கி அடியை நோக்கி இறங்குகிறது.

இது வெறும் சிதைவன்று என்பதற்கு வேறொரு சான்றும் உண்டு. புதுப் புரதங்கள் உண்டாவதை மருந்திட்டுத் தடுத்தால் இலை மஞ்சளாவது தாமதப்படுகிறது. அழிவதற்கும் இலை புதிதாக உழைக்க வேண்டியிருக்கிறது என்பது இதனால் தெளிவாகும்.

மஞ்சள் நிறம் எங்கிருந்து வந்தது என்று சிறுவர்கள் கேட்கக் கூடும். அது புதிதாக வருவதன்று. இளமையிலேயே இலையில் இருந்த மஞ்சள் நிறப்பொருள், பச்சையம் விலகியதும் வெளியே தெரிகிறது, அவ்வளவே. பச்சையத்தை இலை ஏன் கரைக்கிறது என்பதில் ஒரு நயம் இருக்கிறது. கட்டவிழ்ந்த பச்சையம் ஒளி பட்டால் உயிரணுவையே எரித்துவிடக் கூடியது. ஆகவே அதை நிறமற்ற, தீங்கற்ற பொருளாக மாற்றி உள்ளே அடைத்து வைத்துவிட்டுத்தான், அதனோடு பிணைந்திருந்த புரதங்களை இலை பிரித்தெடுக்கிறது. பச்சையம் எதுவாக மாறுகிறது என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. அப்பொருளின் அமைப்பு முதன்முதலாக 1991ஆம் ஆண்டில், வாற்கோதுமை இலையிலிருந்து கண்டறியப்பட்டது.

இனி, உயிரணு தன் உறுப்புகளைத் தானே எப்படிக் கரைக்கிறது என்பது. இவ்வகைச் செயலுக்கு 1963ஆம் ஆண்டில் பெல்ஜிய விஞ்ஞானி கிறிஸ்டியன் டி டூவ் 'ஆட்டோஃபேஜி' என்று பெயரிட்டார். தன்னையே உண்ணுதல் என்பது அதன் பொருள். தன்னுண்ணல் என்று நாம் சொல்லலாம். உயிரணுவினுள் இரட்டைச் சவ்வாலான ஒரு சிறு பை தோன்றுகிறது. கலைக்க வேண்டிய பொருளை அது விழுங்கிக் கொண்டு, உயிரணுவின் நடுவே நீர் நிறைந்திருக்கும் பெரிய குமிழிடம் சென்று சேர்கிறது. அக்குமிழில் உள்ள நொதிகள் அப்பொருளைச் சிறு துண்டுகளாக உடைக்கின்றன. புரதங்கள் அமினோ அமிலங்களாகி மீண்டும் பயன்படத் தயாராகின்றன.

இதன் இரகசியத்தைத் திறந்தவர் ஜப்பானியரான யோஷினோரி ஓசுமி. அவர் 1988ஆம் ஆண்டில் டோக்கியோவில் தம் சிறிய ஆய்வுக்கூடத்தைத் தொடங்கி, ரொட்டிக்கும் மதுவுக்கும் பயன்படும் ஈஸ்ட்டை எடுத்துக் கொண்டார். கரைக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்ட்டைப் பட்டினி போட்டு நுண்பெருக்கியில் பார்த்தார். குமிழுக்குள் சிறு சிறு பைகள் கரையாமல் குவிந்து கிடந்தன. பின்னர் இச்செயலுக்கு இன்றியமையாத 15 மரபணுக்களைப் பிரித்தறிந்து 1993ஆம் ஆண்டில் வெளியிட்டார். இதற்காக 2016ஆம் ஆண்டில் அவருக்கு நோபெல் பரிசு வழங்கப் பெற்றது. பட்டினியில் உயிரணு மாண்டு போகாமல், தன் பழைய தட்டுமுட்டுகளை உருக்கிப் புதியது வார்த்துக் கொள்கிறது என்பதே அவர் காட்டிய உண்மை.

ஈஸ்ட்டில் கண்டது பயிரிலும் உண்டா? ஜப்பானியர் சிலர் 2003ஆம் ஆண்டில், இயற்கையாக மூப்படையும் கோதுமை இலையை ஆராய்ந்தபோது, ரூபிஸ்கோவைச் சுமந்த நுண்ணிய உருண்டைகள் பசுங்கணிகத்திலிருந்து பிதுங்கி வெளியே வருவதைக் கண்டனர். அவை தன்னுண்ணல் வழியாகவே பெருங்குமிழுக்குச் செல்கின்றன என்பது 2008ஆம் ஆண்டில் ஒரு சிறு செடியில் உறுதியாயிற்று. பட்டறை முழுவதையும் ஒரே நாளில் இடிக்காமல், உள்ளே இருப்பதைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி அனுப்புகிறது இலை!

இவ்வழியை அடைத்துவிட்டால் என்ன ஆகும்? தன்னுண்ணலுக்குரிய மரபணு பழுதான நெற்செடிகளை ஆராய்ந்து 2015ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். மூத்த இலைகளின் தழைச்சத்து இளைய உறுப்புகளுக்குப் போய்ச் சேர்வது குறைந்துவிட்டது. இத்தகைய செடிகளில் இலை மஞ்சளாகாமல் நின்றுவிடும் என்று நாம் எதிர்பார்ப்போம். நடந்தது வேறு. மஞ்சள் முன்னதாகவே வந்தது. ஆனால் சத்து இலையிலேயே தங்கிப் போயிற்று. ஆகவே மஞ்சளாவது வேறு, முறையாக மூப்படைவது வேறு என்று தேர்கிறோம். இந்த வேறுபாட்டை அன்பர்கள் நினைவில் கொள்ள வேண்டும். பின்னர் அது வேண்டியிருக்கும்.

இலைக்கு 'இனி உன் காலம் முடிந்தது' என்று ஆணையிடுவது யார்? பல குரல்கள் அங்கே சேர்ந்து ஒலிக்கின்றன. எத்திலீன், அப்சிசிக் அமிலம் முதலியவை மூப்பை விரைவுபடுத்துகின்றன. சைட்டோகைனின் என்னும் பொருள் அதைத் தள்ளிப் போடுகிறது. மருளூமத்தையின் கிள்ளிய இலைகளுக்கு அவ்வினத்தைச் சேர்ந்த மருந்தை இட்டால் அவை நெடுநாள் பச்சையாய் இருப்பதை ரிச்மண்ட், லாங் என்னும் இருவர் 1957ஆம் ஆண்டிலேயே காட்டினர். காய்களும் ஆணையிடுகின்றன. சோயாச் செடியில் காய்களை வரவரக் கிள்ளிவிட்டால் இலைகள் உரிய காலம் கடந்தும் பச்சையாகவே நிற்கும். பெற்றுக் கொள்ள ஆள் இல்லாதபோது கொடுப்பதற்கும் அவசரம் இல்லை போலும்.

பச்சை நீடித்தால் நல்லது, விளைச்சல் பெருகும் என்று தோன்றுகிறதன்றோ? விஷயம் அவ்வளவு எளிதன்று. ஆரோன் ஆரோன்சோன் என்பவர் 1906ஆம் ஆண்டில், இன்றைய இஸ்ரேலின் வடபகுதியில் காட்டுக் கோதுமை ஒன்றைக் கண்டெடுத்தார். நம் கோதுமைக்கு அது மூதாதை. அவ்வகைக் கோதுமையின் மணியில் புரதம் மிகுதி. காரணத்தைத் தேடிச் சென்ற அமெரிக்க, இஸ்ரேல் விஞ்ஞானிகள் 2006ஆம் ஆண்டில் ஒரு மரபணுவைக் கண்டனர். அம்மரபணு இலையைச் சில நாட்கள் முன்னதாகவே மூப்படையச் செய்து, அதிலுள்ள புரதத்தையும் இரும்பையும் துத்தநாகத்தையும் மணிக்கு அனுப்புகிறது. நாம் பயிரிடும் கோதுமைகளில் மிகப் பலவற்றில் அது செயலற்றுக் கிடக்கிறது. பரிசோதனைக்காக இவ்வின மரபணுக்களை அடக்கி வைத்த செடிகளில், இலை மூன்று வாரங்களுக்கு மேல் பிந்தி மஞ்சளாயிற்று. மணியில் புரதமும் இரும்பும் துத்தநாகமும் 30 சதவிகிதத்திற்கு மேல் குறைந்து போயின. செடி பார்க்கப் பசுமையாகத்தான் இருந்தது. சத்து வைக்கோலில் நின்றுவிட்டது.

பச்சையாய் இருப்பதெல்லாம் பயன் தருவதன்று என்பதற்கு இன்னும் பழைய சான்று பட்டாணியில் இருக்கிறது. கிரிகோர் மெண்டல் 1866ஆம் ஆண்டில் வெளியிட்ட புகழ் பெற்ற கட்டுரையில், மஞ்சள் விதைப் பட்டாணி, பச்சை விதைப் பட்டாணி என்று இரண்டைக் குறிப்பிட்டார். அந்தப் பச்சைக்குக் காரணம், பச்சையத்தைக் கரைக்கும் வேலையில் உதவும் ஒரு மரபணு பழுதானதே என்பது 2007ஆம் ஆண்டில் தெரிய வந்தது. இத்தகைய செடிகளில் இலையின் நிறம் நிற்கும். உழைப்போ உரிய காலத்தில் ஓய்ந்துவிடும். உண்மையாகவே உழைத்துக் கொண்டு பசுமை காக்கும் சோள வகைகளும் இருக்கின்றன. வறட்சியில் அவை மணி பிடிப்பதை உழவர்கள் போற்றுகிறார்கள். ஆகவே எத்தனை நாள் பச்சையாய் இருந்தது என்பதோடு, அந்த நாட்களில் என்ன செய்தது என்றும் கேட்க வேண்டும்.

இதுகாறும் கூறியவை ஆய்வுக்கூடச் செய்திகள் என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். நம் வீட்டு மாவு டப்பாவோடு இவற்றுக்கு நேரான உறவு உண்டு. வட இந்தியக் கோதுமை வயல்களை வானிலிருந்து துணைக்கோள்கள் எடுத்த ஒன்பது ஆண்டுப் படங்களை ஆராய்ந்து, 2012ஆம் ஆண்டில் ஒரு முடிவை வெளியிட்டனர். வெப்பம் 34 பாகை செல்சியசுக்கு மேல் ஏறும் நாட்களில் கோதுமை விரைந்து மஞ்சளாகிவிடுகிறது என்பதே அது. மீண்டும் 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தை நினைத்துப் பாருங்கள். கணக்கெடுக்கத் தொடங்கிய 1901 முதல் அதுகாறும் இந்தியா கண்ட மார்ச்சு மாதங்களில் அதுவே மிக வெப்பமானது. மணி பால் பிடிக்கும் வேளையில் அனல் வீசிற்று. வயல்கள் முன்னதாகப் பொன்னிறமாயின. பலவிடங்களில் மணி சுருங்கி எடை குறைந்தது. மே 13ஆம் நாள் அரசாங்கம் கோதுமை ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. அன்று நம் வட்டாரத்து உழவர்க்கு நேர்ந்த இழப்பு, இலை மூப்படைந்ததால் வந்ததன்று. மூப்படைய அதற்குரிய நாட்கள் கிடைக்காமையால் வந்தது. இவ்வாபத்துக்குத் தப்பவே, காலத்தில் விதைக்க வேண்டும் என்றும், மணி பிடிக்கையில் வெப்பம் மிகுந்தால் இலேசாக நீர் பாய்ச்ச வேண்டும் என்றும் வேளாண்மை அறிஞர் வற்புறுத்துகின்றனர்.

இனி, சகோதரியின் மாடிக்கு வருவோம்.

மகன் கூறுவதில் ஒரு பாதி உண்மை. மஞ்சளான இலை சர்க்கரை செய்வதை ஏறத்தாழ நிறுத்திவிடுகிறது. ஆனால் அது செடியின் சத்தை உறிஞ்சுகிறது என்பது பிழை. அது தன் சத்தைச் செடிக்குக் கொடுத்துக் கொண்டிருக்கிறது. பாதி மஞ்சளான இலையைக் கிள்ளி எறிவது, பாதி இறக்கிய சாமான் வண்டியைத் திருப்பி அனுப்புவதை ஒக்கும். மாமியார் சொன்னதே சரி. இலை முற்றும் பழுத்து, தொட்டவுடன் கையோடு வரும் வரையில் விட்டு வைக்கலாம். விழுந்த சருகையும் தொட்டி மண்ணிலேயே புதைத்தால், இலையால் அனுப்ப முடியாமல் நின்றுபோன சுண்ணாம்புச் சத்து முதலியவை மண்ணுக்குத் திரும்பும்.

இதற்கு இரண்டு விலக்குகள் உண்டு. இலையில் புள்ளியோ, பூசணமோ, பூச்சியோ கண்டால் மகன் சொற்படி அன்றே அகற்ற வேண்டும். நோய் பரவ விடலாகாது. அடியிலைகள் மிக இளமையிலேயே, கூட்டமாக மஞ்சளானால் அது மூப்பன்று. மண்ணில் தழைச்சத்துக் குறைவு. மேலே வளரும் கொழுந்து பசித்து, கீழே உள்ள இலையிடம் காலத்துக்கு முன்பே கேட்டு வாங்குகிறது. மக்கிய எரு இட்டால் சரியாகும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். தழைச்சத்தும் மணிச்சத்தும் சாம்பல் சத்தும் எளிதில் இடம் மாறக் கூடியவை. ஆதலால் அவற்றின் குறை மூத்த இலையில் முதலில் தெரியும். இரும்பும் சுண்ணாம்பும் அவ்வாறு எளிதில் நகர்வதில்லை; ஆதலால் அவற்றின் குறை கொழுந்தில் தெரியும். நரம்பு பச்சையாய் இருக்க இளந்தளிர் மட்டும் வெளுத்தால் இரும்புச் சத்து போதவில்லை என்று கொள்க. தொட்டிக் கறிவேப்பிலையில் இதைப் பலரும் கண்டிருக்கலாம்.

பழுத்த ஓலையைப் பார்த்துக் குருத்தோலை சிரித்ததாம் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். 'உனக்கும் இக்கதி வரும், சிரிக்காதே' என்ற எச்சரிக்கையாகவே அதை எடுத்துக் கொள்வது வழக்கம். இலையின் வரலாற்றை அறிந்த பின்னர் அப்பழமொழிக்கு இன்னொரு பொருளும் தோன்றுகிறது. சிரிக்கிற குருத்தின் உடம்பில் ஓடுவதே பழுத்த ஓலை கொடுத்த சத்து. அது குருத்துக்குத் தெரியாது.

இலை தியாகம் செய்கிறது என்று எழுதி முடிப்பது எனக்கு எளிது, படிப்போர்க்கும் இனிக்கும். ஆனால் இலைக்கு எண்ணமும் இல்லை, ஈகையும் இல்லை. மரபணுவின் கட்டளைப்படி நடக்கிறது, அவ்வளவே. எண்ணிப் பார்க்கும் ஆற்றல் நமக்குத்தான் உண்டு. ஊரை விட்டு வந்து, பிள்ளைகளோடு இரண்டு அறை வீட்டில், தெரியாத மொழிக்கு நடுவே தங்கியிருக்கும் முதியவர் நம் குடும்பங்களில் பலர். அவர்கள் சொல்லுவதற்குக் காரணம் சொல்லத் தெரியாமல் இருக்கலாம். கேட்டு வைத்துக் கொண்டால், காரணத்தை நாம் பிறகு தேடிக் கொள்ளலாம். இவ்வினாவில் தேடிக் கிடைத்த விடை மாமியார் பக்கம் நிற்கிறது என்பதை அச்சகோதரி அவரிடம் தெரிவிப்பாராக. மகனிடமும் சொல்லட்டும், ஆனால் அவன் சிரிக்காமல் கேட்கும் வேளை பார்த்துச் சொல்லட்டும்.